கொழும்புப் புத்தகத்தின் கடைசித் தாள்

மின்விசிறிக்குக் கீழே ஒரு புத்தகம் நின்றுகொண்டிருந்தது. நனைந்த புத்தகத்தைப் படுக்கவைத்தால் அதன் எடையே அதைக் கெடுத்துவிடும், நிற்கவையுங்கள் என்று நான் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அதன்படியே அட்டைகளை விரித்து, பக்கங்கள் காற்றில் அசையும்படி ஒரு பித்தளைத் தாம்பாளத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்காரர் பாத்திரக்கடை வைத்திருப்பவர்.

ஏரலில் செய்யது அவர்களின் வீட்டுக் கூடம் அது. சுவரில் இடுப்பளவு உயரத்தில் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு. புதுச் சுண்ணாம்பு ஒரு பக்கம் அடித்திருந்தது, மறுபக்கம் பாக்கி. ஆற்று வண்டலின் வாசனையும் அடுப்பில் கொதிக்கும் கறியின் வாசனையும் கலந்து வந்தன.

தேதி போடாதீர்கள் என்று இந்த வார இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் அத்தியாயத்தில் நான் எழுதியதில் தேதிகளை எடுத்துவிட்டுப் பார்த்தபோது ஒரு பக்கம்கூடத் தேறவில்லையாம். ஆகவே, ஆறு ஊருக்குள் வந்த அந்த மார்கழி போய், தை பிறந்து சில நாட்கள் என்று மட்டும் சொல்கிறேன். சரியான தேதியும் நான் ஏறிய பேருந்து புறப்பட்ட நேரமும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன.

தாம்பாளத்தின் முன் குனிந்து, முகப்புத் தாளை விரல் நுனியால் தூக்கினேன். தூக்கியவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜாஸ் இசையின் தொடக்க காலத்தைப் பற்றி லண்டனில் அச்சான புத்தகம். முதல் பதிப்பு. இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் தேடிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, மயக்கமா?" என்றார் செய்யது.

"இல்ல, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

புத்தகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். மூன்று வாரத்துக்கு முன் இந்தத் தொடரில் ஒரு பெயரைச் சொல்லப்போய், வண்ணார்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் பழைய புத்தகக் கடையை நாலு பேர் புரட்டிப் போட்டுவிட்டார்கள். கடைக்காரர் இன்னும் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

தேதிகளாக வந்த இசை

திருநெல்வேலிக்காரனுக்கு ஜாஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்காதவர்கள் குறைவு. எனக்கு அது காது வழியாக வரவில்லை.

தினமும் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர் அச்சடிக்கும் அச்சகத்தில் புரூஃப் திருத்துவது என் வேலை. முப்பது வருடத்துக்கு மேல் அதே வேலை. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, நட்சத்திரம், ராகு காலம், மூலையில் முஸ்லிம்களின் மாதத் தேதியான பிறை. இவை எல்லாம் ஒரே தாளில் ஒன்றோடொன்று முட்டாமல் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முந்நூற்று அறுபத்தைந்து தாள் பார்த்து முடிக்கும்போது அடுத்த வருடம் மேசைக்கு வந்துவிடும்.

அந்தக் காலத்தில் வண்ணார்பேட்டைக் கடையில் ஒரு மழை நாளில் ஒதுங்கியபோது, கையில் அகப்பட்டது ஒரு பழைய ஜாஸ் வரலாறு. பின்பக்கத்தில் நாற்பது பக்கத்துக்குப் பட்டியல்: எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த அறையில் ஒலிப்பதிவு; அன்று கார்னெட் ஊதியவர் யார், பியானோவில் யார், வராமல் போனவர் யார். மழை விட்ட பிறகும் நான் நகரவில்லை. உலகத்தில் என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறு வருடம் ஒரு சுரம்கூடக் கேட்காமல் ஜாஸ் படித்தேன். பிறகு அச்சகத்து நண்பர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு ஒலிநாடா கொண்டுவந்தார். ஓட ஆரம்பித்ததும், "இப்ப கிளாரினெட் வரும்" என்றேன். வந்தது. நண்பர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முன்பின் பார்த்திராத ஒருவரின் வீட்டுக்குள் விளக்கில்லாமல் நடந்து, சரியாக அடுக்களைக்குப் போய்ச் சேர்ந்தது போல இருந்தது எனக்கு.

இப்போது அறுபத்து மூன்று புத்தகங்கள். சேலை அடுக்க வாங்கிய இரும்பு பீரோவில் மேல் இரண்டு தட்டு அவற்றுக்கு. என் மனைவி அவற்றை ஊதுகுழல் புத்தகங்கள் என்பாள். "இத்தனை வாங்கி அடுக்குதீங்க, ஒரு பாட்டுக்குத் தாளம் போடத் தெரியுதா?" என்பாள். தெரியாதுதான்.

என்னிடம் ஒரு கண்டிப்பு உண்டு. புத்தகத்தில் எழுத மாட்டேன். பிறர் பென்சிலால் எழுதியிருந்தால் மெல்லிய ரப்பரால் பைய அழித்துவிடுவேன். எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைப்பேன்.

அப்படி ஒரு சீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சாயங்காலம் தொடங்கி விடியற்காலை வரை நடந்த ஓர் ஒலிப்பதிவுக்கு, ஒரு நூலாசிரியர் ஒரே தேதியைப் போட்டிருந்தார். கடைசி இரண்டு பாட்டுகள் நடுநிசிக்குப் பிறகு பதிவானவை. எனக்குக் கோபம் வந்து, "நாள் எப்போது மாறுகிறது என்று தெரியாதவர் தேதி எழுதக் கூடாது" என்று சீட்டில் எழுதிவைத்தேன். அது இன்னும் அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

ஒரு வீட்டில் இரண்டு பேர்

பழைய தாள் பிரிக்கவும் தேதி பார்க்கவும் தெரிந்தவன் என்று கேள்விப்பட்டு ஏரலுக்கு என்னை அழைத்தது புத்தகத்துக்காக அல்ல, அதன் கடைசித் தாளுக்காக.

செய்யதும் மைதீனும் பெரியப்பா சித்தப்பா மக்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். மூத்த சகோதரரின் மகன் என்பதால் செய்யதைக் காக்கா என்று கூப்பிடும்படி மைதீனைச் சிறுவயதிலேயே பழக்கிவிட்டார்கள். ஆனால் மைதீனின் உம்மா சாகும்வரை, என் பிள்ளைதான் முந்தி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடச் சான்றிதழில் பார்க்கலாம் என்றால், இருவருக்கும் ஒரே நாள்: ஜூன் ஒன்று. தலைமையாசிரியர் அந்த வருடம் சேர்ந்த பிள்ளைகள் பாதிப் பேருக்கு அந்தத் தேதியைக் கொடுத்திருந்தார்.

சாட்சி ஒன்றுதான். செய்யதின் வாப்பா கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் பரிமாறும் வேலையில் இருந்தவர். அங்கே இரவு நடனத்துக்கு வாசித்த குழுவின் டிரம்பெட்காரர் ஊரைவிட்டுப் போகும்போது இந்தப் புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வாப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் கடைசியில் நல்ல கனமான வெற்றுத் தாள்கள் இருந்தன. வீட்டில் இருந்த மற்றவை எல்லாம் மார்க்கப் புத்தகங்கள்; அவற்றில் கை வைக்க மாட்டார்கள். ஆகவே பிள்ளை பிறந்த விவரங்களை இதில் எழுதினார். வீட்டில் இதற்குப் பெயர் கொழும்புப் புத்தகம்.

பிறகு யாரோ, இதைத் திறந்தால் இரண்டு குடும்பமும் சண்டைதான் போடும் என்று பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியும் தொலைந்தது. வெள்ளம் வந்து பெட்டியையே உடைத்துவிட்டது. புத்தகம் வெளியே வந்தது. ஆனால் கடைசித் தாள் வண்டலோடு பின்னட்டையில் ஒட்டிக்கொண்டது.

பேருந்து நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்தவர் மைதீன். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். மெலிந்த, சத்தம் போடாத மனிதர். நடந்துகொண்டே சொன்னார்:

"பொய் சொல்லச் சொல்லலே அண்ணாச்சி. உள்ளதைச் சொன்னாப் போதும். அங்கன இருந்து போன் பண்ணும்போதும் காக்கா, வந்து இறங்கினதும் காக்கா. ஒரே ஒரு தடவை அவன் வாயால என்னைக் கூப்பிட்டுக் கேக்கணும். பொறவு அவனே காக்காவா இருந்துக்கிடட்டும்."

கூடத்தில் செய்யது வேறு ஒரு செய்தி வைத்திருந்தார். குடும்பத்துக்குப் பொதுவான பொருள் எதுவானாலும் மூத்தவர் சொல்வதுதான் முடிவு என்று இருவரும் பேசி வைத்திருந்தார்களாம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்த அந்தப் பாத்திரக்கடைக்காரருக்கு என் மனம் புரிந்துபோயிற்று.

"நான் மூத்தவன்னு ஆச்சுன்னா, புத்தகத்தை நீங்களே கொண்டுபோங்க. எங்களுக்கு அந்தத் தாளு விவரம்தான் வேணும்."

"நான் மூத்தவன்னா அது வீட்டை விட்டுப் போவாது. பெரிய வாப்பா கையெழுத்து" என்றார் மைதீன்.

இப்போது வாசகர்களுக்கு என் நிலைமை விளங்கியிருக்கும்.

எக்ஸ்ரே தாளும் இடியாப்பச் சட்டியும்

ஒட்டிய தாளைப் பிரிக்க நான் பழைய எக்ஸ்ரே தாள் வைத்திருக்கிறேன். என் மாமனாரின் முழங்கால் படம். அதை நாக்கு போல நீளமாக வெட்டி, ஓரத்தை உரசி மழுக்கியிருக்கிறேன். ஆனால் முதலில் தாள் கொஞ்சம் இளக வேண்டும்.

செய்யதின் மனைவி சைத்தூன் இடியாப்பச் சட்டியைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார். மேலே மெல்லிய துணி கட்டி, ஆவி நேராகப் படாமல், பின்னட்டையை எட்டவே பிடித்தோம். ஒரு பக்கம் செய்யது, மறுபக்கம் மைதீன். நடுவில் நான் மாமனாரின் முழங்காலை நுழைத்தேன்.

"பைய, பைய" என்றார் செய்யது.

"நீ ஆட்டாம பிடி காக்கா. உன் கைதான் நடுங்குது" என்றார் மைதீன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. படங்கள் அச்சாகியிருந்த வழவழப்புத் தாள்கள் ஒன்றோடொன்று பசையாகி, மீட்க முடியாமல் போயிருந்தன. அதில் எனக்குத் துக்கம்தான். ஆனால் கடைசித் தாள் முழுசாக வந்தது. எழுதியவர் மையைத் தொடாமல் பென்சிலால் எழுதியிருந்தார். மையாக இருந்திருந்தால் ஆற்றோடு கடலுக்குப் போயிருக்கும்.

எழுத்து மிகவும் மங்கல். ஜன்னலை அடைத்து, டார்ச்சைச் சரிவாகப் பிடித்து, லென்ஸ் வழியாகப் பார்த்தால்தான் பென்சில் தடம் மினுங்கியது. அவர்கள் இருவருக்கும் கண்ணில் எதுவும் பிடிபடவில்லை. நான் மட்டும் வாசித்து, என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

என் தீர்ப்பு

மேலே ஹிஜ்ரி ஆண்டும் மாதமும். கீழே இரண்டு பிறப்பு. இரண்டுக்கும் ஒரே பிறை: பதினொன்று. ஒன்று அசருக்குப் பிறகு, அதாவது மாலைத் தொழுகை முடிந்து, அது செய்யது. மற்றது இரவு, அது மைதீன்.

நான் கையால் எழுதிய பிறை அட்டவணை எப்போதும் பையில் இருக்கும். மாதத்தைப் பிடித்து, பிறையைப் பிடித்து, ஆங்கிலத் தேதிக்கு வந்தேன். ஒரே தேதி. காலண்டரில் ஒரே தாள். சாயங்காலம் நாலரை, பிறகு இரவு எட்டு, எட்டரை. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. எழுதியவர் மைதீனை மேலேயும் தன் மகனைக் கீழேயும் எழுதியிருந்தார். அதற்கும் எனக்கு விளக்கம் கிடைத்தது. தம்பியின் மகனுக்கு முதலிடம் கொடுத்தது ஓர் அண்ணனின் பெருந்தன்மை.

அதையே சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே தேதி. செய்யது அண்ணாச்சி சாயங்காலம். மைதீன் அண்ணாச்சி அன்னைக்கு ராத்திரி. நாலு மணி நேரம் வித்தியாசம்."

வாப்பாவின் பெருந்தன்மையைக் கேட்டு செய்யதுக்குக் கண் கலங்கிவிட்டது. மைதீன் எழுந்தார். "காலண்டர் போட்டவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி வாசலுக்குப் போனார்.

செய்யது புத்தகத்தை வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார். எனக்கு ஆட்டோ பார்க்க அவரும் தெருவுக்குப் போனார். பையில் புத்தகத்தின் ஈரக் கனத்தை உணர்ந்தபடி கூடத்தில் தனியாக நின்றேன். உள்ளுக்குள் ஒரு டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தது.

சைத்தூன் கேட்டது

அடுக்களையிலிருந்து சைத்தூன் கரண்டியோடு வந்தார். நான் தீர்ப்புச் சொன்னபோது அவர் அடுப்படியில் இருந்தார்.

"அண்ணாச்சி, மாமா என்ன எழுதியிருக்காகளோ அதை அப்படியே வாசிங்களேன். நான் கேட்டதே இல்லை."

குறிப்பேட்டைத் திறந்து வாசித்தேன். பிறை பதினொன்று, இராத்திரி சோறு உண்டு எழுந்த நேரம், தம்பிக்கு ஆண் குழந்தை. பிறை பதினொன்று, அசருக்குப் பின், எனக்கு ஆண் குழந்தை. அல்ஹம்துலில்லாஹ்.

சைத்தூன் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார்.

"இதுல யாரு முந்தி அண்ணாச்சி?"

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. அசர் நாலரை மணிக்கு. ராத்திரி அதுக்குப் பொறவுல்லா."

"பிறை எப்பம் பொறக்கு?"

நான் பையில் பிறை அட்டவணையைத் தேடினேன்.

"மஹ்ரிபுக்குல்லா பொறக்கு. பொழுது அடைஞ்சதும் நாள் மாறிரும். நோன்பு மொதப் பிறைன்னா, மொதல்ல ராத்திரி தராவீஹ் தொழுதுட்டுத்தான் மக்யா நாள் பகல்ல நோன்பு இருப்போம். அப்பம் பதினோராம் பிறையில ராத்திரி முந்தியா, அசர் முந்தியா?"

பொழுது அடைந்ததும் பிறை பதினொன்று தொடங்கிவிட்டது. அந்த இரவில் மைதீன். மறுநாள் பகல் ஏறி, இறங்கி, அதே பிறை முடியும் தறுவாயில் செய்யது. நாலு மணி நேரம் செய்யது மூத்தவர் அல்ல. இருபது மணி நேரம் மைதீன் மூத்தவர். தாளில் எழுதியவர் எந்தப் பெருந்தன்மையும் காட்டவில்லை. பிறந்த வரிசையில் எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

முப்பது வருடம் அந்தப் பிறை எண்ணைத் தாளின் மூலையில் சரிபார்த்தவன் நான். காலண்டர் தாளைக் காலையில் கிழிப்பார்கள். ஆகவே என்னைப் பொறுத்தவரை பிறையும் காலையில்தான் பிறந்தது. நான் தாளைப் பார்த்தேனே தவிர வானத்தைப் பார்க்கவில்லை. நாள் எப்போது மாறுகிறது என்று தெரியாதவர் தேதி எழுதக் கூடாது என்று சீட்டு எழுதிய கை இது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது எனக்கு வேண்டாத புத்தகமாக இருந்திருந்தால், மைதீன் பெயர் மேலே இருந்ததற்கு அத்தனை சுலபமாக விளக்கம் கண்டுபிடித்திருப்பேனா? மாட்டேன்.

சைத்தூன் கரண்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "நான் யார்ட்டயும் சொல்லப்போறதில்லை அண்ணாச்சி. தேதி பாக்க வந்தது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

தெருவில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. ஒரு பக்கம் இருபத்திரண்டு வருடம். மறுபக்கம் இருபது மணி நேரம். வாசலில் மைதீன் இன்னும் செருப்பு வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"மைதீன் அண்ணாச்சி, கொஞ்சம் உள்ள வாங்க" என்றேன்.

பென்சில்

துணியைப் பிரித்து, புத்தகத்தைத் தாம்பாளத்தில் பழையபடி நிறுத்திவிட்டு, இருவரிடமும் என் தவற்றைச் சொன்னேன். செய்யது பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டார். பிறை என்று நான் வாயெடுத்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. வாசகத்தை நான் அப்படியே படித்திருந்தால் இருவரும் அப்போதே சொல்லியிருப்பார்கள். நான்தான் தேதியாக மாற்றித் தந்தேன்.

"இதை யாரு கண்டுபிடிச்சது?" என்றார் செய்யது.

நான் அடுக்களைப் பக்கம் பார்த்தேன்.

"ஆகா. அம்பது வருசமா சோறு போட்டுக்கிட்டே எதிர்ச்சாட்சிக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கா" என்றார். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

பிறகு அந்தப் பெரிய மனிதர் எழுந்தார். ஜன்னலோரம் அவர் மட்டும் உட்காரும் கைவைத்த நாற்காலி ஒன்று இருந்தது. அதை இழுத்து வந்து மைதீன் முன்னால் போட்டார். ஒரு முறை தொண்டையைச் செருமினார். இரண்டாம் முறையும் செருமினார்.

"உக்காருங்க, காக்கா."

மைதீன் அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருடம் காத்திருந்தார் என்று நான் எழுதிவிட்டேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? பதறி எழுந்து, "இருக்கட்டும் காக்கா, நீங்க உக்காருங்க" என்றார்.

சைத்தூன்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப்பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்டார்.

மூத்தவராக மைதீன் தன் முதல் முடிவைச் சொன்னார். புத்தகம் வீட்டை விட்டுப் போகாது. நான் எப்போது வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதோடு இன்னொன்று.

"இங்கிலீஷ் தேதி ரெண்டையும் நீங்களே இதுல எழுதுங்க அண்ணாச்சி. நாளைக்கு இன்னொரு காலண்டர்க்காரர் வந்து மாத்திரக் கூடாது."

புத்தகத்தில் எழுதுவதில்லை என்றேன். தனிச் சீட்டு தருகிறேன் என்றேன். "சீட்டு வெள்ளத்துல போயிரும்வே" என்றார் செய்யது.

பென்சில் தந்தார்கள். நான் கண்டதிலேயே அரிய புத்தகத்தின் கடைசித் தாளில், இன்னும் லேசான ஈரம் இருந்த அந்தக் கனமான காகிதத்தில், என் அறுபத்தாறு வயதில் முதல் முறையாக எழுதினேன். முதலில் மைதீன். அதன் கீழே, அடுத்த நாள் தேதியோடு, செய்யது. எழுதும்போது இருவரும் என் இரண்டு தோளிலும் முகவாயை வைக்காத குறையாகக் குனிந்திருந்தார்கள். எழுதி முடித்ததும் ஊதித் துடைக்கத் தோன்றியது, அழிக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து என் பட்டியலில் அறுபத்து நான்காவது புத்தகமாக அதைச் சேர்த்தேன். இருக்கும் இடம் என்ற கட்டத்தில் ஏரல் என்று போட்டேன். நிலை என்ற கட்டத்தில், கடைசித் தாளில் பென்சில் எழுத்து உண்டு, சரியானது என்று எழுதினேன்.

அந்த இரண்டு தேதிகளையும் இங்கே சொன்னால் ஆசிரியர் அடித்துவிடுவார். ஏரலுக்குப் போகிறவர்கள் அந்த வீட்டில் கேட்டால் காட்டுவார்கள். வாசலில் நின்று காக்கா என்று மட்டும் கூப்பிட வேண்டாம். இரண்டு பேருமே வெளியே வருவதில்லை. உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒருவரையொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.